சுவரைப் பார்த்து நின்றவன்

அத்தியாயம் 14

சனிக்கிழமை காலை. சுமந்த் கண்ணாடி முன்னால் நின்று விசில் அடித்துக்கொண்டே ஷேவ் செய்துகொண்டிருந்தான்.

காபி டம்ளரோடு சமையலறை வாசலில் நின்ற ஜானவி அவன் முதுகையே பார்த்தாள். நேற்றும் அந்த முதுகைத்தான் பார்த்தாள்.

நேற்று சாயங்காலம் சாதம் பிசைந்துகொண்டிருந்தவன் பாதியில் எழுந்தான். சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே பின்னறைக்குப் போனான். சுவரைப் பார்த்து நின்றான். எதையோ மெல்லுகிற மாதிரி வாய் மட்டும் அசைந்தது. "ஏன்னா! ஏன்னா!" என்று அவள் கத்தியது தெருவுக்கே கேட்டிருக்கும். அவனுக்குக் கேட்கவில்லை. ஒன்றிரண்டு நிமிஷம் கழித்துத் திரும்பினான்.

"ரசம் இருக்கா?" என்றான்.

எழுந்து போனதும், நின்றதும், அவள் அவன் தோளைப் பிடித்து உலுக்கியதும் எதுவுமே அவனுக்கு ஞாபகம் இல்லை. சொன்னதற்குச் சிரித்தான். "மூணு மாசமா ஆபீஸ்ல ரீசர்வே. ராப்பகலா மேப் போடறேன். தூங்கிண்டே நடந்திருப்பேன், விடு" என்றான். சர்வே ஆபீஸில் டிராஃப்ட்ஸ்மேன் அவன். போன வாரம் வரைபடத்தில் அவன் போட்ட கோடு ஒன்று ஓரத்தைத் தாண்டி மேஜை வரைக்கும் போய்விட்டதாம். அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

மூன்று மாதத்தில் இது நாலாவது தடவை. ஸ்ரீவராகம் பகுதியில் இருக்கும் இந்த வாடகை வீட்டுக்குக் குடிவந்தும் சரியாக மூன்று மாதம்தான் ஆகிறது. பின்னறையில்தான் வீட்டுக்காரரின் பெண் செத்துப்போனாள் என்பதை, பால் காய்ச்சிய பிறகுதான் அக்கம்பக்கத்தில் சொன்னார்கள்.

"ஜானு, இங்க வா."

சுப்புலக்ஷ்மி கூப்பிட்டாள். சுமந்தின் அக்கா. அவனைவிட எட்டு வயது மூத்தவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. செக்ரட்டேரியட்டில் வேலை. வீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம் என்றாலும் ஜானவிக்கு அவளோடு ஒத்துப்போயிற்று. ஒத்துப்போக வைத்தது சனிக்கிழமைகள்.

ஜானவிக்கு டெக்னோபார்க்கில் வேலை. அமெரிக்க டாக்டர்கள் தங்கள் நோயாளிகளைப் பற்றிப் பேசி அனுப்புவதை ஹெட்போனில் கேட்டு டைப் அடிக்க வேண்டும். திங்கள் முதல் வெள்ளி வரை காதுக்குள் சிறுநீரகம், நுரையீரல், மூளை. வெள்ளிக்கிழமை கம்பெனி வேன் இறக்கிவிட்டதும் எல்லாவற்றையும் துடைத்துப் போட்டுவிடுவாள். சனிக்கிழமை அவளும் நாத்தனாரும் சாலைக் கடைத்தெருவுக்குப் போவார்கள். வளையல், நைட்டித் துணி, ஒரு கிண்ணம். ஆரியசாலையில் வாடகைக்கு நாலு பேய் நாவல் எடுத்துக்கொண்டு திரும்புவார்கள். மூன்று மணிக்கு டிவியில் வெள்ளிக்கிழமை யக்ஷி சீரியலின் மறு ஒளிபரப்பு. ஜன்னலைச் சாத்தி, நடுவில் முறுக்கு டப்பாவை வைத்துக்கொண்டு, இருவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்தபடி பார்ப்பார்கள்.

பயப்படுவது அவளுக்குப் பிடித்திருந்தது. பயந்து முடித்ததும் டிவியை அணைத்துவிட்டு எழுந்து போய்விடலாம் அல்லவா?

இது அப்படி அணைக்க முடிகிற பயமாக இல்லை.

"நாகர்கோவில்லேர்ந்து அழகியநம்பின்னு ஒருத்தர் வரார்" என்று சுப்புலக்ஷ்மி குரலைத் தாழ்த்தினாள். "அஞ்சு மணிக்கு. இந்த மாதிரி விஷயத்துல கெட்டிக்காரர் ஆக்கும். பின்னறையில ஒரு மணி நேரம் பூஜை. எல்லாம் சரியாப் போயிடும்."

"உங்க தம்பி ஒத்துப்பாரா அக்கா?"

"அவனண்ட ஏன் சொல்றே? மத்தியானம் எங்கயாவது அனுப்பிடலாம். ஆறரைக்கு வரட்டும். வந்தப்புறம் பிரசாதம்னு சொல்லிக் குடுத்துக்கலாம்."

ஜானவி தலையாட்டினாள். யாராவது ஒருவர் "சரியாகப் போய்விடும்" என்று சொல்ல வேண்டும் போல இருந்தது அவளுக்கு.

*

ஆற்றுக்கால் அம்மனுக்குப் பெண்கள் பொங்கல் வைக்கும் பொங்காலைக்கு இன்னும் இரண்டு வாரம். சாலைக் கடைத்தெரு முழுக்க மண்பானை குவிந்து கிடந்தது. பானைகளுக்கு நடுவில் கிடைத்த இடத்தில் ஜனங்கள் நடந்தார்கள்.

வழக்கமாக சுப்புலக்ஷ்மி ஒரு புடவைக்கு எட்டுக் கடை ஏறுவாள். இன்று யாரோ துரத்துகிற மாதிரி வாங்கினாள். இருபத்தொரு எலுமிச்சம்பழம். ஒரு வெள்ளைப் பூசணி. சிவப்புத் துணி, குங்குமம், கற்பூரம். பூசணியைத் தட்டிப் பார்க்கக்கூட இல்லை.

"அக்கா, உங்களுக்குப் பயமா இல்லையா?"

"எனக்கென்ன பயம்? ஏதோ பிடிச்சிருக்கு. ஓட்டினாப் போயிடும். போகாததுக்குத்தான் பயப்படணும்."

ஆரியசாலை முக்கில் திரவியம் வாடகை நூலகம் வைத்திருந்தார். நூலகம் என்றால் இரண்டு பெஞ்சும் ஒரு அலமாரியும். நாகர்கோவில் பஸ்ஸில் வரும் மாத நாவல்களை முதலில் ஜானவிக்காகத்தான் எடுத்து ஒளித்து வைப்பார்.

"வாங்க, வாங்க. புதுசு ஒண்ணு வந்திருக்கு. அட்டையப் பாத்தாலே ரெண்டு நாளு தூக்கம் வராது."

அட்டையில் முகம் இல்லாத ஒரு பெண், சுவரிலிருந்து பாதி வெளியே வந்து நின்றாள்.

ஜானவி நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள். புத்தகத்தைத் தொடாமலே கேட்டாள். "இதுல கடைசில பேய் நிஜமா? இல்லை, யாராவது மனுஷா பண்ற வேலையா?"

"அதச் சொன்னா வாசிக்க மாட்டியளே!" என்று திரவியம் சிரித்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "சுகமில்லையாம்மா? வேற ஏதாவது குடும்பக் கதை தரட்டா?"

"ஒண்ணும் வேண்டாம். அடுத்த வாரம் வரேன்."

நாலு வருஷத்தில் முதல் தடவையாக அவள் வெறும் கையோடு அந்தக் கடைப் படி இறங்கினாள்.

*

சாப்பாடு முடிந்ததும் ஜானவிதான் பேச்சை எடுத்தாள்.

"ஏன்னா, வேளி ஏரியில போட் விடறாளாம். போயிட்டு வாங்கோளேன்."

"நீங்க ரெண்டு பேரும் நிம்மதியாப் பேய் பாக்கணும், நான் இடத்தைக் காலி பண்ணணும். அதானே?"

"அதேதான்" என்று அவளும் சிரித்து வைத்தாள். "தாருவையும் கூட்டிண்டு போங்கோ."

உள்ளேயிருந்து சுப்புலக்ஷ்மி எட்டிப் பார்த்தாள். "குழந்தை எதுக்கு? வெயில். அவ இங்கயே இருக்கட்டுமே."

"வேண்டாம் அக்கா. இங்க நடக்கறதை அவ பாக்க வேண்டாம்" என்று ஜானவி அவள் காதோரம் சொன்னாள். சுப்புலக்ஷ்மி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு பேசாமல் உள்ளே போய்விட்டாள்.

தாரிணிக்கு ஆறு வயது. ஸ்கூட்டரில் அப்பாவுக்கு முன்னால் நிற்பதென்றால் போதும், அவளுக்குச் சாப்பாடுகூட வேண்டாம். ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, வாத்து போட்ல ஏறுவேன்!" என்று கத்திக்கொண்டே போனாள்.

வழியில் பெட்ரோல் போடவும் ஐஸ் வாங்கவும் நிற்போம் என்றான் சுமந்த். மணி இரண்டே முக்கால்.

மூன்று மணிக்கு சீரியல் ஆரம்பித்தது. ஜன்னலைச் சாத்தினார்கள். சுப்புலக்ஷ்மி தரையில் உட்கார்ந்து எலுமிச்சம்பழங்களை வரிசையாக நறுக்கிக் குங்குமம் தடவிக்கொண்டே பார்த்தாள்.

திரையில் பேய் பிடித்த கதாநாயகன் கத்தினான். கண்ணைச் சிவப்பாக உருட்டினான். கண்ணாடியை உடைத்தான். யாரோ ஒரு பெண்ணின் குரலில், "விடமாட்டேன்!" என்று சிரித்தான்.

இவர் அப்படிச் செய்யவில்லையே என்று ஜானவிக்குத் தோன்றியது.

சுமந்த் கத்தவில்லை. யார் குரலிலும் பேசவில்லை. சட்டைப் பொத்தானைத் திருகினான். வாயை மென்றான். கூப்பிட்டதற்குத் திரும்பவில்லை. இரண்டு நிமிஷத்தில் ரசம் கேட்டான். இத்தனை வருஷமாக எத்தனை சீரியல், எத்தனை நாவல். எந்தப் பேயும் பொத்தானைத் திருகி அவள் படித்ததில்லை.

ஆனால் எங்கேயோ கேட்டிருக்கிறாள். நிச்சயமாகக் கேட்டிருக்கிறாள். பொத்தானைத் திருகுகிறான், வாயைச் சப்புகிறான், கூப்பிட்டால் பதில் இல்லை, பிறகு எதுவும் நினைவில்லை...

புதன்கிழமை.

ஒஹையோ டாக்டர். மூக்கடைத்துக்கொண்டு பேசுகிறவர். அந்த இடம் சரியாக விளங்காமல் மூன்று தடவை பின்னால் ஓட்டிக் கேட்டு டைப் அடித்தாள். நோயாளிக்கு நாற்பத்தோரு வயது. மனைவி சொல்கிறாள்: திடீரென்று எங்கேயோ வெறித்துப் பார்க்கிறார், வாயைச் சப்புகிறார், சட்டையைப் பிய்க்கிறார், எழுந்து நடக்கிறார். பிறகு எதுவும் தெரிவதில்லை. மூளையின் பக்கவாட்டில் உண்டாகும் வலிப்பு. கீழே விழுந்து கைகால் வெட்டி இழுத்தால்தான் வலிப்பு என்று இல்லை. இன்னின்ன மாத்திரை, இன்ன அளவு.

கடைசி வரி. "நோ டிரைவிங்."

ஜானவி எழுந்து நின்றாள். மடியிலிருந்த முறுக்கு டப்பா கவிழ்ந்து தரையெல்லாம் சிதறியது.

"அக்கா! அவருக்குப் பேயெல்லாம் இல்லை. வலிப்பு. இது வலிப்பு அக்கா! வண்டி ஓட்டிண்டு போயிருக்கார். குழந்தை முன்னாடி நிக்கறா!"

சுப்புலக்ஷ்மியின் கையிலிருந்த கத்தி நின்றது. என்ன உளறுகிறாய் என்று அவள் கேட்கவில்லை. உனக்கெப்படித் தெரியும் என்றும் கேட்கவில்லை.

"இல்லை" என்றாள். "அப்படி இருக்காது. இருக்கவே இருக்காது."

அந்தப் பதிலைப் பற்றி யோசிக்க ஜானவிக்கு அப்போது நேரமில்லை. சுமந்திடம் மொபைல் கிடையாது. செருப்பு மாட்டவும் தோன்றாமல் தெருவில் ஓடினாள்.

*

முக்கில் ஒரே ஒரு ஆட்டோ நின்றது. வேலப்பன். தினமும் தாரிணியைப் பள்ளிக்கூடத்தில் விடுகிறவர்.

"வேளிக்குப் போணும். சீக்கிரம்!"

"எந்தா சேச்சி, என்ன ஆச்சு?"

"அவர் குழந்தையோட ஸ்கூட்டர்ல போயிருக்கார். உடம்பு சரியில்லை. தடுக்கணும். ஓட்டுங்கோ!"

வேலப்பன் அதற்கு மேல் கேட்கவில்லை. ஈஞ்சக்கல் தாண்டி பைபாஸில் ஏறியதும் ஆட்டோ பறந்தது. எதிரே லாரி. பக்கத்தில் மணல் டிப்பர். பின்னால் ஹாரனை அலற விட்டுக்கொண்டு கொல்லம் பஸ். இந்த ரோட்டிலா அனுப்பினாள்? "தாருவையும் கூட்டிண்டு போங்கோ" என்று அவள் வாயாலேயே சொன்னாள்.

இரண்டு நிமிஷம். அவன் சுவரைப் பார்த்து நிற்பது இரண்டு நிமிஷம்தான். இரண்டு நிமிஷத்தில் இந்த ரோட்டில் எத்தனை லாரி போகும் என்று அவள் எண்ணத் தொடங்கி, எண்ணுவதை நிறுத்த முடியாமல் எண்ணிக்கொண்டே வந்தாள்.

ஒவ்வொரு நீல ஸ்கூட்டரையும் எட்டிப் பார்த்தாள். இது இல்லை. இதுவும் இல்லை. இதில் யாரோ ஒரு தாடிக்காரர்.

"போட் விடற இடத்துக்குப் போய்ச் சேந்திருப்பார் சேச்சி. பேடிக்கண்டா, பயப்படாதீங்க, நான் பாத்துக்கறேன்" என்றார் வேலப்பன். ஆனால் அவரும் கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு இன்னும் வேகமாகத்தான் ஓட்டினார்.

சாக்கை தாண்டி, புத்தனாற்றுக் கால்வாய்ப் பக்கம் திரும்பியபோது கூட்டம் தெரிந்தது.

இருபது முப்பது பேர். ரோட்டோரத்தில் சின்னக் கல்வெர்ட் பாலத்துக்குப் பள்ளம் தோண்டி மண்ணைக் குவித்திருந்தார்கள். அந்த மண்குவியலில் முன்சக்கரம் புதைந்து, பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது ஒரு நீல ஸ்கூட்டர். நம்பர் பிளேட்டைப் படிக்க அவசியமே இல்லை. ஹேண்டிலில் தாரிணியின் மஞ்சள் தொப்பி தொங்கிக்கொண்டிருந்தது.

ஆட்டோ நிற்கும் முன்பே ஜானவி குதித்தாள். முழங்கால் தரையில் இடித்தது. எழுந்து ஓடினாள்.

"தாரு! தாரு!"

"பிள்ள இங்க இருக்கு! ஒண்ணும் இல்ல, இங்க இருக்கு!"

கல்லுமண் அப்பிய சேலையோடு ஒரு பெண் மண்குவியலின் மறுபக்கத்திலிருந்து கையைத் தூக்கிக் காட்டினாள். கல்வெர்ட் வேலைக்கு வந்தவள். அவள் இடுப்பில் தாரிணி, கழுத்தைக் கட்டிக்கொண்டு விம்மிக்கொண்டிருந்தாள். முட்டி சிராய்த்து ரத்தம். முகமெல்லாம் மண். அவ்வளவுதான். அவ்வளவுதானா என்று ஜானவி கை, கால், தலை, முதுகு எல்லாம் தடவித் தடவிப் பார்த்தாள்.

"அம்மா, அப்பா வண்டியைத் திருப்பவே இல்லை. நான் கூப்பிட்டேன்மா. அப்பா கேக்கவே இல்லை."

"தண்ணிக்குள்ள போயிருக்கும் வண்டி" என்றாள் அந்தப் பெண். "மண்ணு இல்லண்ணா நேரே ஆத்துலதான். கர்த்தர் காப்பாத்துனாரு. அங்க போம்மா, ஓம் மாப்பிளய அடிக்கப் போறானுவ!"

அப்போதுதான் ஜானவி கூட்டத்தின் நடுவைப் பார்த்தாள்.

சுமந்தின் சட்டைக் காலரை ஒருவன் பிடித்திருந்தான். இன்னொருவன் கையை ஓங்கியிருந்தான். "குடிச்சிட்டு குஞ்ஞினேயும் வச்சு ஓடிக்குன்னோ!" என்று ஒருவன் கத்தினான். குழந்தையை வைத்துக்கொண்டு குடித்துவிட்டு ஓட்டினான் என்று நினைத்துவிட்டார்கள். சுமந்த் அவர்களை யாரென்றே தெரியாமல் பார்த்தான். பிடித்த கையைத் தள்ளிவிட்டு நடக்கப் பார்த்தான். தள்ளியதும் கூட்டத்துக்கு இன்னும் கோபம் ஏறியது. கன்னத்தில் ஒரு அறை ஏற்கெனவே விழுந்திருந்தது. விரல் பதிந்து சிவந்திருந்தது.

"குடிக்கல்ல! நானும் அப்பமே சொல்லுதேன், வாயில மணமே இல்லண்ணு! கேட்டாதான!" என்று பின்னாலிருந்து அந்தப் பெண் கத்தினாள்.

ஜானவி கூட்டத்தைப் பிளந்துகொண்டு உள்ளே போனாள். அவனுக்கும் ஓங்கிய கைக்கும் நடுவில் நின்றாள்.

என்ன சொல்வது? சொல்ல வேண்டிய வார்த்தை ஒன்றுதான். அக்ரஹாரத்தில் எந்த வீட்டிலும் வாய்விட்டுச் சொல்லாத வார்த்தை. ஒரு தரம் சொல்லிவிட்டால் திரும்ப எடுக்க முடியாது. அவனே இன்னும் அதைக் கேட்டதில்லை.

"அடிக்காதீங்கோ. இவர் குடிக்கலை. இவருக்கு வலிப்பு. அபஸ்மாரம். என் ஆத்துக்காரர். விடுங்கோ அவரை."

காலரைப் பிடித்த கை மெல்ல இறங்கியது. "அய்யோ, சேச்சி, ஞங்ஙள் அறிஞ்ஞில்லா, தெரியாமப் போச்சு" என்று யாரோ முணுமுணுத்தார்கள். ஓங்கியவனே போய் ஒரு பாட்டில் தண்ணீர் வாங்கி வந்து நீட்டினான்.

சுமந்தின் கண்ணில் மெல்ல மெல்ல ஆள் திரும்பி வந்தது. அவளைப் பார்த்தான். ஸ்கூட்டரைப் பார்த்தான். கால்வாய்த் தண்ணீரைப் பார்த்தான்.

"ஜானு? நீ எப்படி இங்க? நான் இப்பதானே சாக்கையில திரும்பினேன்..."

அவள் அவன் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

கிளம்பும்போது அந்தப் பெண்ணிடம் பெயர் கேட்டாள். ஜெபமலர். மார்த்தாண்டத்துப் பக்கம். "ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோம்மா. பூசாரிட்ட ஒண்ணும் போயிராத. எங்க அண்ணனுக்கும் இருந்தது" என்றாள். அந்த அண்ணன் இப்போது எப்படி இருக்கிறார் என்று கேட்க ஜானவிக்குத் தைரியம் வரவில்லை.

*

வேலப்பனின் ஆட்டோ மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்கு விரைந்தது. பட்டம் சிக்னலில் நின்றபோது சுமந்த் சொன்னான்.

"தாருவை முன்னாடி நிக்க வெச்சிருந்தேன் ஜானு."

"தெரியும்."

"முன்னாடி."

டியூட்டி டாக்டர் சின்ன வயதுப் பெண். ஜானவி சொல்லச் சொல்ல அவள் எழுதிக்கொண்டே வந்தாள். பொத்தான், வாய், எத்தனை நிமிஷம், எத்தனை தடவை. நடுவில் நிமிர்ந்து, "நீங்க நர்ஸா?" என்று கேட்டாள்.

"இல்லை. டைப் அடிக்கிறவ."

டாக்டர் சுமந்தின் பக்கம் திரும்பினாள். திங்கட்கிழமை நியூராலஜியில் காட்ட வேண்டும். இ.இ.ஜி., ஸ்கேன் எல்லாம் எடுக்க வேண்டும். அதுவரைக்கும் இந்த மாத்திரை. வண்டி தொடக்கூடாது. மாடி விளிம்பு, குளம், நெருப்பு எதன் பக்கத்திலும் தனியாகப் போகக்கூடாது. சரியான மருந்து கிடைத்தால் பெரும்பாலானவர்கள் எல்லோரையும் போல இருக்கலாம், பயப்படாதீர்கள்.

"சின்ன வயசுல இது மாதிரி வந்திருக்கா? மருந்து ஏதாவது சாப்பிட்டதுண்டா?"

"இல்லையே" என்றான் சுமந்த். கொஞ்சம் யோசித்தான். "மருந்துன்னு இல்லை. பன்னண்டு பதிமூணு வயசு வரைக்கும் தினம் ஒரு வெள்ளை மாத்திரை உண்டு. பாலோட அக்கா குடுப்பா. படிப்பு நன்னா வரும்னு சொல்லுவா."

சொல்லிவிட்டு அவன் லேசாகச் சிரிக்கக்கூடச் செய்தான். டாக்டரின் பேனா காகிதத்தின் மேல் அப்படியே நின்றது. அவள் ஜானவியைப் பார்த்தாள்.

"இல்லை. அப்படி இருக்காது" என்று சுப்புலக்ஷ்மி சொன்ன குரல் ஜானவியின் காதுக்குள் திரும்பக் கேட்டது. என்ன என்று கேட்காதவள். உளறாதே என்று சொல்லாதவள்.

*

வீடு திரும்பும்போது ஆறேகால். வாசலில் மாக்கோலம் போட்டுப் பூசணி வைத்திருந்தது. கூடத்தில் வெள்ளை வேஷ்டியும் தோல் பையுமாக அழகியநம்பி உட்கார்ந்திருந்தார். கையில் காபி.

ஜானவி நேராக அவர் முன்னால் போய் நின்றாள். "மன்னிக்கணும். உங்களை அலைய வெச்சுட்டோம். அவருக்கு வலிப்பு. டாக்டரண்ட காட்டிட்டு வரோம்."

சண்டைக்கு வருவார் என்று எதிர்பார்த்தாள். அவர் சுமந்தின் கன்னத்தைப் பார்த்தார், தாரிணியின் முட்டியில் போட்டிருந்த கட்டைப் பார்த்தார், டம்ளரைக் கீழே வைத்தார்.

"அப்போ என்னால ஆகிற காரியம் இல்லை. மாத்திரையை நிறுத்திடாதீங்கோ. நிறுத்திட்டு என்னண்ட வரவாதான் அதிகம்." பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். "எனக்கு ஏழு மணிக்கு வண்டி. பூசணியை வீணாக்க வேண்டாம். இன்னும் மந்திரம் சொல்லலை, கூட்டு வெச்சுக்கலாம்."

அவர் போனார். சுமந்த் குழந்தையோடு முன்னறையில் போய்ப் படுத்தான். ஜானவி பின்னறைக்குப் போனாள்.

நறுக்கிய எலுமிச்சம்பழங்களுக்கு நடுவில் சுப்புலக்ஷ்மி உட்கார்ந்திருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

"அது என்ன மாத்திரை அக்கா?"

சுப்புலக்ஷ்மி ஒரு பழத்தை எடுத்து அதிலிருந்த குங்குமத்தைத் துடைத்தாள்.

"பாலோட குடுப்பேளாமே. படிப்பு வரதுக்கு."

"அம்மா என்னண்ட சத்தியம் வாங்கிண்டா." குரல் தரையைப் பார்த்துத்தான் வந்தது. "அவனுக்கே தெரியக்கூடாதுன்னா. தெரிஞ்சா ஸ்கூல்ல சேத்துக்க மாட்டா, வேலை கிடைக்காது, பொண்ணு குடுக்க மாட்டான்னா. பதிமூணு வயசுல நின்னுடுத்து. இனிமே வராதுன்னு டாக்டரே சொன்னார் ஜானு. நான் நம்பினேன்."

"மூணு மாசமா வரதே! அதையும் பார்த்தேளே!"

"பார்த்தேன். முதல் தடவை பார்த்ததுமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு." சுப்புலக்ஷ்மி இப்போது நிமிர்ந்தாள். கண் வீங்கியிருந்தது. "அப்பத்தான் இந்த ரூம்ல செத்த பொண்ணைப் பத்தி அக்கம்பக்கத்துல சொன்னா. பேயா இருந்துடட்டுமேன்னு ஆசைப்பட்டேன். பேய்னா ஒரு நாள்ல ஓட்டிடலாம். நம்ம சீரியல்ல வர மாதிரி ஓடிப்போயிடும். இது போகாதேடி."

"என் குழந்தை இன்னிக்கு ஆத்துல விழுந்திருப்பா."

"குழந்தையை அனுப்ப வேண்டாம்னு சொன்னேனே..."

"சொன்னேள். ஏன்னு சொல்லலை."

ஜானவிக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. அழ வேண்டும் போலவும் இருந்தது. வாரம் முழுக்க உழைத்துவிட்டு இவள் கையைப் பிடித்துக்கொண்டுதானே பயந்து பயந்து சிரித்தாள்? அந்தக் கைக்குள் இது இருந்திருக்கிறது.

"இன்னும் ஏதாவது இருக்கா?" என்றாள் கடைசியில். "எனக்குத் தெரியாம இன்னும் ஏதாவது? இப்பவே சொல்லிடுங்கோ."

இல்லை என்ற பதிலைத்தான் எதிர்பார்த்தாள்.

சுப்புலக்ஷ்மி எழுந்தாள். ஆணியில் தொங்கிய ஆபீஸ் கைப்பையைத் திறந்தாள். டிபன் பாக்ஸுக்கு அடியிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்தாள். அதை ஜானவியின் முன்னால் நீட்டினாள்.

"போன மாசம் தாரு ஸ்கூல் டைரியில வெச்சிருந்தது. நீ வேன்லேர்ந்து இறங்கறதுக்கு முன்னாடி நான் பார்த்தேன். கையெழுத்து நான்தான் போட்டு அனுப்பினேன். இது அதோட காப்பி."

தாளில் வகுப்பு டீச்சரின் உருண்டை உருண்டையான மலையாள எழுத்து. நாலே வரி. தாரிணி நன்றாகப் படிக்கிறாள். ஆனால் சில நாட்களாக வகுப்பில் பேசிக்கொண்டிருக்கும்போதே சட்டென்று நிறுத்திவிடுகிறாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்புவதில்லை. தயவுசெய்து குழந்தையின் காதைப் பரிசோதித்துப் பார்க்கவும்.

காது.

தாரிணியின் காதுக்கு ஒரு குறையும் இல்லை. தெருக்கோடியில் ஐஸ்வண்டி மணி அடித்தால் வீட்டுக்குள்ளிருந்து அவள்தான் முதலில் ஓடுவாள்.

முன்னறையிலிருந்து குழந்தையின் குரல் கேட்டுக்கொண்டிருந்தது. அழுகையெல்லாம் மறந்து, அப்பாவுக்கு வாத்து போட்டைப் பற்றி ஏதோ நீளமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அப்பா, அடுத்த வாட்டி நாம அந்த வெள்ளை வாத்துல..."

குரல் பாதியில் நின்றது.

தாளைக் கையில் பிடித்தபடி, அடுத்த வார்த்தை வருகிறதா என்று மூச்சுவிடாமல் கேட்டுக்கொண்டு நின்றாள் ஜானவி.